தீ அணைந்த பிறகு பேசுகிறவர்கள்

(மரக்காணத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'பயங்கரவாதமும் மேடைப் பேச்சும்' என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. வெட்டு, குத்து, குண்டு வை என்று தூண்டிவிடுகிற பேச்சைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அதைப் பார்த்துக்கொள்ள சட்டம் இருக்கிறது, காவல்துறை இருக்கிறது. என் கவலை அதற்கு அடுத்த நாள் காலையைப் பற்றியது. வீடு எரிந்துவிட்டது, ஆள் செத்துவிட்டார், ஊர் உறைந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் பொது வாழ்வில் இருக்கும் பெரியவர்கள் ஒலிபெருக்கி முன்னால் வந்து என்ன சொல்கிறார்கள்? அதை நாம் கவனிப்பதில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. தூண்டிவிடுகிற பேச்சு அன்றைக்கு ஒரு கூட்டத்தை வெறியேற்றும். நடந்து முடிந்ததற்கு நியாயம் சொல்கிற பேச்சோ ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்திவிடும். அடுத்த கொலைக்கான அனுமதி அங்கேதான் கிடைக்கிறது.

இந்த ஊரில் நடந்தது

இதை வேறு எங்கோ போய்ச் சொல்லாமல் மரக்காணத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2013 ஏப்ரல் 25, சித்திரை முழுநிலவு நாள். மாமல்லபுரத்தில் பாட்டாளி மக்கள் கட்சியும் வன்னியர் சங்கமும் நடத்திய விழாவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வண்டி வண்டியாக ஆட்கள் போனார்கள். வழியில் இந்த ஊரில் மோதல் மூண்டது. தலித் மக்கள் குடியிருக்கும் பகுதியில் வீடுகள் எரிந்தன. அரசுப் பேருந்து எரிந்தது. விழாவுக்குப் போனவர்களில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அது கொலை என்றது கட்சி. காவல்துறை சொன்ன கதை வேறு. ஏப்ரல் 30 அன்று கட்சி நிறுவனர் மருத்துவர் இராமதாசு விழுப்புரத்தில் கைது செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்து வட மாவட்டங்கள் முழுக்கப் பேருந்துகள் கல்லடி பட்டன.

முதல் கல்லை எடுத்தது யார் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அன்றைக்கு இங்கே இருந்தவர்கள் பலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். அதற்குப் பிறகு நடந்த கூட்டங்களில், எரிந்த வீடுகளின் கணக்கையும் இறந்துபோன இருவரின் பெயர்களையும் ஒரே மூச்சில் சொன்ன தலைவர் ஒருவரையாவது நீங்கள் கேட்டீர்களா? ஒரு மேடையில் ஒரு பட்டியல், எதிர் மேடையில் எதிர்ப் பட்டியல். ஒவ்வொரு பட்டியலும் உண்மைதான். ஆனால் பாதி உண்மையை வைத்துக்கொண்டுதான் மறுபக்கத்து வன்முறையைக் கொடூரம் என்றும், தன் பக்கத்து வன்முறையை எதிர்வினை என்றும் பேச முடிகிறது.

இன்னும் ஐந்தரை மாதம் பின்னால் போவோம். 2012 நவம்பர் 7. தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சாதி தாண்டி நடந்த ஒரு திருமணமும், அதைத் தாங்காமல் பெண்ணின் தகப்பனார் உயிரை மாய்த்துக்கொண்டதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. அதற்குப் பிறகு மருத்துவர் இராமதாசு பல சாதிச் சங்கங்களை ஒன்றுகூட்டினார். தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 'நாடகக் காதல்' என்ற சொல் மாநிலம் முழுக்கப் பரவியது.

எரிந்தது வீடு. பேசப்பட்டது காதல். பீரோவை உடைத்து நகையை அள்ளிக்கொண்டு போன கைகளைப் பற்றிப் பேச வேண்டிய வாரங்களில், பாதிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் என்ன சட்டை போடுகிறார்கள் என்று தமிழ்நாடு விவாதித்துக்கொண்டிருந்தது. குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவன் இறங்கிப் போய்விட்டான். அந்த இடத்தில் வீடு இழந்தவன் நிறுத்தப்பட்டான். இங்கே யாரும் யாரையும் பார்த்து எரி என்று சொல்ல வேண்டியதில்லை. எரித்தவனைப் பார்த்து உன் கோபம் புரிகிறது என்று சொன்னாலே போதும்.

இதைப் போய் பயங்கரவாதம் என்று சொல்லலாமா என்று கேட்கலாம். சட்டப் புத்தகத்தில் இதற்கு வேறு பிரிவுகள் உண்டு. ஆனால் ஒரு தெருவையே அச்சத்தில் அடங்கிக் கிடக்கச் செய்ய வீட்டுக்குத் தீ வைப்பதற்கும், ஒரு நாட்டையே அச்சுறுத்தக் குண்டு வைப்பதற்கும் அளவில்தான் வேறுபாடு. அடிபடுகிறவன் ஒருவன், அடங்க வேண்டியவர்கள் ஆயிரம் பேர் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றே. பின்னால் வருகிற பேச்சும் ஒன்றே.

யாழ்ப்பாணத்தின் மூன்று மேயர்கள்

அந்தப் பேச்சு முழு வளர்ச்சி அடைந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழர்களிடமே ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்வது எனக்கு எளிதல்ல. ஈழத்தமிழர்களுக்கு நேர்ந்த கொடுமையை நினைத்து உண்ணாவிரதம் இருந்த, ஊர்வலம் போன மக்கள் நாம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தின் மேயராக இருந்தவர் ஆல்ஃபிரட் துரையப்பா. வழக்கறிஞர். ஆளும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைச் சேர்ந்தவர். சாதாரண மக்களிடையே அவருக்குச் செல்வாக்கு இருந்தது. தமிழ்க் கட்சிகள் அவரைத் தேர்தலில் எதிர்த்தன, அது அரசியல். ஆனால் மேடைகளில் அவர் எதிர்க்கட்சிக்காரர் என்று மட்டும் சொல்லப்படவில்லை, இனத் துரோகி என்று சொல்லப்பட்டார். 1974 ஜனவரி 10 அன்று உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவு நிகழ்ச்சியில் போலீஸ் புகுந்ததில் அப்பாவி மக்கள் உயிரிழந்தார்கள். அந்தப் பழியும் அவர்மேல் விழுந்தது. 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கும்பிடப் போன இடத்தில் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட குழுவில் இருந்த இருபது வயது இளைஞர்தான் வேலுப்பிள்ளை பிரபாகரன்.

மறுநாள் காலை வருகிறது. அகிம்சையில் வளர்ந்த, தந்தை செல்வாவின் வழி வந்த தலைவர்கள் என்ன சொன்னார்கள்? இது கொலை, எங்கள் பெயரில் இதைச் செய்யாதீர்கள் என்று அழுத்தமாகச் சொன்ன குரல் எழவில்லை. அவர்களில் யாரும் துப்பாக்கி தூக்கியவர்கள் அல்லர். பலர் நீதிமன்றத்தில் வாதாடிய கனவான்கள். ஆனால் 'பொடியன்கள்' உணர்ச்சிவசப்பட்டவர்கள், அவர்களைப் புண்படுத்தக் கூடாது, தேர்தலில் அவர்கள் நமக்கு வேண்டும் என்ற கணக்கு இருந்தது. 1976 மே 14 அன்று தனிநாடு கோரும் வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது. 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்றது; அதன் தலைவர்களில் ஒருவரான அமிர்தலிங்கம் நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவரானார். அந்தக் காலத்துக் கூட்டங்களில் இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களுக்கு இரத்தத் திலகம் இட்டார்கள். தலைவர்கள் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். வேண்டாம் தம்பி என்று கையைப் பிடித்துத் தடுத்தவர்கள் குறைவு.

பிறகு என்ன நடந்தது? 1989 ஜூலை 13. கொழும்பில் அமிர்தலிங்கத்தைப் பார்க்க மூன்று இளைஞர்கள் வந்தார்கள். பேச்சுவார்த்தைக்கு வந்திருக்கும் புலிகளின் ஆட்கள் என்பதால் நம்பி உள்ளே விட்டார்கள். வந்தவர்கள் அமிர்தலிங்கத்தையும் யாழ்ப்பாணத்தின் முன்னாள் எம்.பி. யோகேஸ்வரனையும் சுட்டுக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்கள்மேல் சொல்லப்பட்ட குற்றம், அவர்களுடைய மேடைகளில் ஒரு காலத்தில் துரையப்பாமேல் சொல்லப்பட்ட அதே துரோகம்தான்.

அதோடும் முடியவில்லை. யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி 1998இல் யாழ்ப்பாணத்தின் மேயரானார். அந்த ஆண்டு மே 17 அன்று அவரும் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து மேயராக வந்தவர் பொன். சிவபாலன். செப்டம்பர் 11 அன்று குண்டுவெடிப்பில் இறந்தார். முதல் மேயரின் கொலைக்கு நியாயம் இருந்ததென்றால், அடுத்த இரண்டுக்கும் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? யார் துரோகி என்று தீர்மானிக்கும் உரிமையை ஒரு முறை துப்பாக்கியிடம் கொடுத்துவிட்டால், திருப்பி வாங்கிக்கொள்ள வழியில்லை. 23 ஆண்டுகள் கழித்து அதே நகரம், அதே பதவி, அதே முடிவு.

இதை அப்போதே கண்டு எழுதியவர்களும் தமிழர்கள்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம, சக ஆசிரியர்களோடு சேர்ந்து 'முறிந்த பனை' நூலை எழுதினார். இலங்கை இராணுவம் செய்தது, இந்திய அமைதிப்படை செய்தது, புலிகளும் மற்ற இயக்கங்களும் செய்தது என்று எல்லாக் கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதிய நூல் அது. 1989 செப்டம்பர் 21 அன்று, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு பட்டியலையும் சேர்த்து வாசிப்பவர்களுக்கு என்ன ஆபத்து வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கோடம்பாக்கமும் ஸ்ரீபெரும்புதூரும்

இது ஈழத்துக் கதை, நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். 1990 ஜூன் 19 அன்று சென்னை கோடம்பாக்கத்தில் ஒரு குடியிருப்புக்குள் புலிகள் புகுந்து, மற்றொரு ஈழ இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவையும் அவரோடு இருந்த பத்துக்கும் மேற்பட்டவர்களையும் சுட்டுத் தள்ளினார்கள். நம் தலைநகரின் நடுவில் நடந்த படுகொலை. செத்தவர்களும் தமிழர்கள், கொன்றவர்களும் தமிழர்கள். தமிழ்நாட்டில் எத்தனை இரங்கல் கூட்டம் நடந்தது? அவர்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோனோம். பதினோரு மாதம் கழித்து, 1991 மே 21 அன்று, கோடம்பாக்கத்தில் கைவரிசை காட்டிய புலிகளின் ஆள் சிவராசனே ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து சேர்ந்தார். ராஜீவ் காந்தியோடு மேலும் 14 பேர் இறந்தார்கள். பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள், பெண் காவலர்கள், கூட்டம் பார்க்க வந்தவர்கள். அந்த 14 பேரில் ஒருவர் பெயராவது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கொன்றவர்களின் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும்.

2002 ஏப்ரல் 10 அன்று கிளிநொச்சியில் உலகப் பத்திரிகையாளர்கள் முன்னால் பிரபாகரனிடம் ராஜீவ் கொலையைப் பற்றிக் கேட்டார்கள். அது ஒரு துன்பியல் சம்பவம் என்றார். மழை பெய்தது, புயல் அடித்தது என்பதைப் போன்ற பதில். சம்பவம் இருக்கிறது, துன்பம் இருக்கிறது. செய்த ஆளை மட்டும் காணோம்.

ஆனால் நேர்மையாகப் பேசுவதென்றால் முழுக்கப் பேச வேண்டும். அதே ராஜீவ் காந்தி பிரதமரான புதிதில் என்ன பேசினார்? 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டதும் டெல்லியில் சீக்கியர்களை வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள். அரசே ஒப்புக்கொண்ட கணக்குப்படி 2,733 பேர். நவம்பர் 19 அன்று நடந்த பொதுக்கூட்டத்தில் ராஜீவ், ஒரு பெரிய மரம் சாய்ந்தால் சுற்றியுள்ள பூமி அதிரத்தான் செய்யும் என்ற பொருளில் பேசினார். தாயை இழந்த மகன் என்று இரக்கப்படலாம். ஆனால் அதைச் சொன்னது நாட்டின் பிரதமர். கழுத்தில் டயரை மாட்டிக் கொளுத்திய கைகளை அந்த ஒரு வாக்கியம் மறைத்துவிட்டது. யாரும் செய்யவில்லை, பூமி தானாக அதிர்ந்தது. அந்த வழக்குகளில் பெரிய மனிதர்களுக்குத் தண்டனை கிடைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அதற்கு முந்தைய ஆண்டு கொழும்பில் நடந்ததும் இதுவே. 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகள் 13 இராணுவத்தினரைக் கொன்றார்கள். மறுநாள் இரவு முதல் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தன ஜூலை 28 அன்றுதான் தொலைக்காட்சியில் தோன்றினார். சிங்கள மக்களின் கோபத்தைப் பற்றிப் பேசினார், தனிநாடு கேட்பவர்களைத் தடுக்கும் சட்டம் பற்றிப் பேசினார். வீடிழந்து முகாம்களில் கிடந்த தமிழர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை வரவில்லை. அந்தப் பேச்சைக் கேட்ட எத்தனை தமிழ் இளைஞர்கள் அன்றிரவே இயக்கத்துக்குப் போக முடிவெடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துத் தலைவர் சொல்லும் நியாயம், எதிர்ப் பக்கத்து வன்முறைக்கும் ஆள் சேர்த்துக் கொடுக்கிறது.

காரணம் வேறு, நியாயம் வேறு

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அப்படியானால் வன்முறைக்குக் காரணம் தேடுவதே தவறா? ஒடுக்குமுறையைப் பற்றிப் பேசினால் பயங்கரவாதத்துக்கு ஆதரவாளர் ஆகிவிடுவோமா?

இல்லை. இலங்கை அரசின் 'தரப்படுத்தல்' முறையால் பல்கலைக்கழக இடம் பறிபோன மாணவனின் கதையைச் சொல்லாமல் ஈழப் போராட்டத்தைப் புரியவைக்க முடியாது. வேலையும் நிலமும் இல்லாத இளைஞனின் ஆத்திரத்தைச் சொல்லாமல் வட மாவட்டத்துக் கலவரங்களைப் புரியவைக்க முடியாது. காரணத்தை ஆராய்கிறவர் இனி நடக்காமல் தடுக்க வழி தேடுகிறார். நியாயம் சொல்கிறவர் நடந்ததை நடந்திருக்க வேண்டியதாக்குகிறார். இரண்டையும் பிரித்து அறிய நான் வைத்திருக்கும் சோதனைகள் எளியவை. பேசுகிறவர் செத்தவரைப் பற்றி என்ன சொல்கிறார்? அவரை ஒரு மனிதராகச் சொல்கிறாரா, கோபத்துக்குக் கிடைத்த இலக்காக மட்டும் சொல்கிறாரா? அதே வாக்கியத்தை எதிர் முகாம்காரர் உங்கள் ஆள் செத்தபோது சொன்னால் பொறுத்துக்கொள்வீர்களா? செய்தவனுக்கு வேறு வழியே இருக்கவில்லை என்கிறாரா? அதே துன்பத்தை அனுபவித்த மற்ற பல்லாயிரம் பேர் யாரையும் கொல்லவில்லையே, அவர்களுக்கு மட்டும் வழி எங்கிருந்து வந்தது?

வாஞ்சிநாதனை என்ன சொல்வீர்கள், பகத் சிங்கை என்ன சொல்வீர்கள் என்றும் கேட்பீர்கள். வாஞ்சி இதே கடற்கரையில், நமக்குத் தெற்கே புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம் பயிற்சி பெற்றவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் உயிரைக் கொடுத்ததை மதிக்கிறோம், ரயில் நிலையத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் சனாதன தர்மம் பற்றியும் பேச்சு இருந்தது என்பதை எந்த விழாவிலும் வாசிப்பதில்லை. தியாகத்தை மதிப்பதற்காகக் கேள்வியை மறைக்க வேண்டியதில்லை. நூறாண்டு கழித்தும் முழுக் கதையைச் சொல்ல மறுப்பதும் ஒருவகை நியாயப்படுத்தல்தான்.

சட்டம் போதாது

அப்படியானால் இப்படிப் பேசுகிறவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டியதுதானே என்று சிலருக்குத் தோன்றும். அந்த வழியையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2002 ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்பதற்காக ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ, அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் ஜூலை 11 அன்று விமான நிலையத்திலேயே பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் கைது செய்யப்பட்டார். அந்தச் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் ஆதரவு தந்த கூட்டணியில் அவர் கட்சியும் இருந்தது. வேலூர்ச் சிறையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தார். பழ. நெடுமாறனும் அதே சட்டத்தில் சிறை போனார். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்றது; ஆனால் ஓர் அமைப்புக்கு வாய்மொழியாக ஆதரவு சொல்வது மட்டும் குற்றமாகாது, பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கம் இருந்தாக வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

அந்தத் தீர்ப்பு சரி என்பது என் கருத்து. பேச்சைச் சிறையில் அடைக்கும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்தால், அது முதலில் பிடித்துப்போவது ஏழைக்காகப் பேசுகிறவரைத்தான். இந்த ஊர் உப்பளக் கூலிக்காகப் பேசுகிறவரையும் நாளைக்கு அதே சட்டத்தில் போடலாம். அதனால்தான் பொறுப்பு நம் பக்கம் வருகிறது. சட்டம் கை வைக்க முடியாத, கை வைக்கக் கூடாத இடம் இது. இங்கே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கேட்கிறவர்களிடம் மட்டுமே இருக்கிறது.

ஒரு தலைவர் நிறுத்தியபோது

இதற்கு மாறாக ஒரு தலைவரால் நடந்துகொள்ள முடியுமா? முடியும். அதற்கு, உப்பளங்கள் உள்ள இந்த ஊரில், உப்போடு தொடர்புள்ள ஒருவரையே சொல்கிறேன்.

1922 பிப்ரவரி 4. ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். உத்தரப் பிரதேசத்தில் சௌரி சௌரா என்ற ஊரில் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். வெகுண்ட கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. உள்ளே 22 காவலர்கள் கருகிச் செத்தார்கள். காந்தியடிகளுக்கு எத்தனை சாக்குகள் கையருகே இருந்தன! முதலில் சுட்டது போலீஸ். கூட்டம் ஏழை விவசாயிகள். ஆண்டுக்கணக்கான அடக்குமுறை. இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரி 12 அன்று நாடு தழுவிய இயக்கத்தையே நிறுத்தினார். ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். சிறையில் இருந்த மோதிலால் நேருவும் லஜபதி ராயும் கொதித்தார்கள். இயக்கத்தின் முதுகெலும்பை முறித்துவிட்டார் என்று திட்டாதவர் இல்லை. அந்த விமரிசனத்தில் சாரமில்லை என்றும் சொல்ல மாட்டேன். தூக்குக் கயிறு 19 ஏழைகளின் கழுத்தில்தான் விழுந்தது.

ஆனாலும் அவர் முடிவின் பலன் எட்டு ஆண்டு கழித்துத் தெரிந்தது. 1930இல் அவர் தண்டிக்குப் புறப்பட்டபோதும், ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு அள்ளியபோதும், அடி வாங்கிய தொண்டர்கள் திருப்பி அடிக்கவில்லை. திருப்பி அடித்தால் தலைவர் நம் பக்கம் நிற்க மாட்டார் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. என் ஆள் செய்தாலும் கொலை கொலைதான் என்று ஒரு தலைவர் ஒரு முறை சொன்னால், அது ஆயிரம் மாநாட்டுத் தீர்மானத்துக்குச் சமம்.

நம் மேடைகளில் இன்றைக்கு எந்தக் கட்சித் தலைவர் இதைச் செய்யத் துணிவார்? தன் சாதிக்காரன் கௌரவக் கொலை செய்தால், கொன்றவனின் ஊரில் போய் நின்று, நீ செய்தது கொலை என்று சொல்லும் சாதிச் சங்கத் தலைவர் எங்கே? எதிர்க்கட்சிக்காரன் வெட்டிச் சாய்க்கப்பட்டால், தன் கட்சிக்காரனைக் காட்டிக்கொடுக்கும் மாவட்டச் செயலாளர் எங்கே? மதத்தின் பெயரால் குண்டு வெடித்தால், அந்த மதத்துப் பெரியவர்களில் சிலர் கண்டிக்கிறார்கள். ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே அயல்நாட்டுச் சதி, உளவுத்துறைச் சதி என்று கதவைத் திறந்துவிடுகிறார்கள். ஒரு மதத்தார் வைத்தால் பயங்கரவாதம், இன்னொரு மதத்தார் வைத்தால் மனநிலை சரியில்லாதவர் என்று எழுதும் பத்திரிகைகளும் இதில் பங்காளிகள்தான்.

தலைவர்களைத் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர்கள் நம் கைதட்டலை எண்ணிப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். துரையப்பாவைத் துரோகி என்று சொன்னபோது கைதட்டல் விழுந்தது. கூலிங் கிளாஸ் பேச்சுக்குக் கைதட்டல் விழுந்தது. பெரிய மரம் சாய்ந்த பேச்சுக்கும் கைதட்டல் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்காமல் போயிருந்தால் அடுத்த கூட்டத்தில் அதே வாக்கியம் வந்திருக்காது. மேடையேறிப் பழகிய எவருக்கும் இது தெரியும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், அது பெரிய வீரமும் அல்ல. அடுத்த முறை எங்காவது ஒரு குடிசை எரிந்து, ஓர் ஆள் வெட்டுப்பட்டு, ஒரு குண்டு வெடித்து, அதற்கு மறுநாள் உங்கள் கட்சித் தலைவரோ, சாதித் தலைவரோ, மதத் தலைவரோ ஒலிபெருக்கி முன்னால் வந்து நிற்கும்போது, அவர் செத்தவர்களின் பெயரைச் சொல்கிறாரா என்று காத்திருந்து பாருங்கள். சொல்லவில்லை என்றால் கைதட்டாதீர்கள். நடந்தது தவறுதான் என்று தொடங்கிப் பிறகு நீளமாக வேறு எதையோ பேசினாலும் கைதட்டாதீர்கள். முடிந்தால் எழுந்து நின்று, எங்கள் ஆள் செய்ததைப் பற்றி முதலில் சொல்லுங்கள் ஐயா என்று கேளுங்கள். எதிரி மேடையில் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டியதில்லை. சொந்த மேடையில் கேளுங்கள். இந்த ஊரில் இனி ஒரு வீடும் எரியாமல் இருக்க அதுவே முதல் காவல்.